தோற்றவருக்குத்தான் பேச்சு

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்தவனும், பள்ளியில் பூகோளம் நடத்துபவனும், தற்சமயம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் பாத்திரம் தேய்ப்பவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கு உங்கள் நலத்தையும், குறிப்பாக உங்கள் வலது காலின் நலத்தையும் அறிய ரொம்பவே ஆவலாக இருக்கிறேன். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற ஸ்டூல் மேல் ஏறி நீங்கள் விழுந்த செய்தி வந்த அன்றே, ஆஸ்பத்திரி வார்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் நம் குடும்பத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று சொல்லி நானேதான் உங்கள் தங்கையை பஸ் ஏற்றிவிட்டேன். மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது என்று கேள்வி. பிரித்த பிறகும் கால் பழையபடி ஆக நாளாகும் என்பதை நான் அறிவேன். அவசரமே இல்லை. மருந்துக்குக்கூட அவசரம் இல்லை. கால் தரையில் ஊன்றுகிறதா, ஊன்றினால் வலிக்கிறதா, வலித்தால் பொறுக்கிற மாதிரி வலிக்கிறதா என்பதை மட்டும் தெரிவித்தால் போதும்.

போனில் கேட்டால் போயிற்று, இதற்கு எதற்குக் கடிதம் என்பீர்கள். உங்கள் வீட்டில் போன் அடித்தால் எடுப்பது உங்கள் பேரன். எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நான் என் மனைவியிடம் “எப்படி இருக்கே?” என்று கேட்டால், “நல்லா இருக்கேன் மாப்ளே” என்று நீங்கள் பதில் சொல்கிறீர்கள். அடுப்படியிலிருந்து உங்கள் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, “அண்ணன் சாப்பிட்டாரான்னு கேளுங்க” என்று குரல் கொடுக்கிறது. உங்கள் தங்கையோ “கேஸை மூடினீங்களா, மாடி வீட்டம்மா மோட்டார் போட்டாங்களா” என்கிறாள். மூடினேன், போட்டாங்க என்கிறேன். அதோடு பேச்சு முடிந்தது. இப்படி ஒரு சபை நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் என்னத்தைப் பேசுவான், நீங்களே சொல்லுங்கள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கி விழுங்கியே எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது, சமைத்ததில் பாதி மிஞ்சிப் போகிறது.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. எங்கள் பள்ளியில் நடந்த கூத்தைச் சொல்லத்தான். எங்கள் தலைமையாசிரியை ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பினார். போகும்போது நல்லபடியாகத்தான் போனார். வந்ததும் எங்கள் எல்லாரையும் ஆசிரியர் அறையில் உட்கார வைத்து, “பிள்ளைங்க முகத்துல சிரிப்பே இல்ல. பரீட்சைன்னா பாத்ரூம்ல போய் அழுதுட்டு வர்றாங்க. இனிமே பாடம் ஆட்டமா இருக்கணும். ஆட்டத்துல படிப்பும் ஏறணும், மனசும் லேசாகணும். ஆளுக்கு ஒரு ஆட்டம் நீங்களே உருவாக்கிக் கொண்டு வாங்க” என்றார். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கிறவனிடம் ஆட்டம் உருவாக்கச் சொன்னால் அவன் ஆடிப்போகத்தான் செய்வான். கணக்கு டீச்சர் ஒரு பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக் கொண்டுவந்தார். கணக்கைப் போட்டால் பூட்டைத் திறக்கும் எண் கிடைக்கும். பாடுபட்டுத் திறந்தால் உள்ளே இன்னொரு கணக்கு. பிள்ளைகள் முன்பு பாத்ரூமில் அழுதவர்கள் இப்போது வகுப்பிலேயே அழுதார்கள். விளையாட்டு வாத்தியாரை நாங்கள் ‘விசில்’ என்போம், அவர் “நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து ஆட்டம்தானே நடத்துறேன், எனக்கென்ன புதுசா?” என்று காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். மாட்டிக்கொண்டவன் நான்தான்.

என் ஆட்டம் ஒரு நதி. மலையில் ஊற்றாகக் கிளம்பி, அருவியாக விழுந்து, சுழலில் சுற்றி, சமவெளியில் ஊர்ந்து கடலில் சேரும். பாட்டில் மூடிகள்தான் படகுகள். கேள்வி அட்டையை எடுத்து, சரியான பதில் சொன்னால் படகு நகரும். தப்பாகச் சொன்னால் நின்ற இடத்திலேயே நிற்கும். நான்கு நான்கு பேராக ஆட வேண்டும். மணி அடிக்கும்போது யார் முன்னால் நிற்கிறாரோ அவர் ஜெயித்தவர், கடைசியில் நிற்பவர் தோற்றவர். இதற்கு மடித்து எடுத்துப் போகிற மாதிரி நீல நிறத்தில் துணி வேண்டியிருந்தது. கடைக்குப் போக மழை விடவில்லை. ஹால் ஜன்னலில் உங்கள் தங்கை ஆசையாகத் தைத்துப் போட்ட நீலத் திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது. மச்சான், இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம். ஆழம் தெரியாமல் கத்திரிக்கோலை விட்டுவிட்டேன். அந்தத் திரை இப்போது ஏழெட்டு நதிகளாகப் பள்ளி அலமாரியில் இருக்கிறது, அழியாத மையில் வரைந்தது. இந்தச் செய்தியை அவள் நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, கையில் கரண்டி எதுவும் இல்லாதபோது, நீங்களே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

விதிகளை எழுதும்போதுதான் வினை வந்தது. எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலிருந்து சாயங்காலம் ஆனால் நாங்கள் இரண்டு பேரும் பாம்பும் ஏணியும் ஆடுவோம். என் காய் ஒரு சாக்பீஸ் துண்டு, அவள் காய் என் பழைய சட்டையின் நீலப் பட்டன். ஜெயித்தவர் டீ போட வேண்டும். தோற்றவர் அன்றைக்கு மனசில் கிடப்பதையெல்லாம் பேசலாம். டம்ளர் காலியாகும் வரை ஜெயித்தவர் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மூன்று வாக்கியங்கள் கூடவே கூடாது: ‘எனக்கும்தான்’, ‘நான் அப்பவே சொன்னேன்ல’, ‘எல்லாம் சரியாயிடும்’. “வார்டுல பாத்திருக்கேன், வியாதியை விட இந்த மூணும்தான் நோயாளியைப் படுத்தும்” என்பது அவள் கட்சி. ஆட்டத்தில் எங்களுக்குள் கள்ளத்தனமும் உண்டு. பேச ஏதாவது இருக்கும் நாளில் அவள் ஆறு விழுந்தால் அஞ்சு என்பாள், பாம்பு வாயைத் தேடிப் போய்ப் பட்டனை வைப்பாள். நான் கண்டும் காணாமல் டீ போட எழுந்துவிடுவேன். எனக்குப் பள்ளியில் மனசு கசந்த நாளில் என் சாக்பீஸும் அப்படித்தான் வழுக்கி விழும், அவளும் எதுவும் கேட்க மாட்டாள். ஊரில் எல்லாரும் இப்படித்தான் ஆடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, பள்ளி ஆட்டத்தின் கடைசி விதியாக இதையும் அப்படியே எழுதிவிட்டேன். டீக்குப் பதில் மணல் கடிகாரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுதியதை ஆடிப் பார்க்க வேண்டாமா? வீட்டில் யார் இருக்கிறார்கள்? எதிர் நாற்காலியில் தலையணையை வைத்து இரண்டு பக்கமும் நானே ஆடினேன். நான்தான் தோற்றேன். விதிப்படி பேச வேண்டுமே, தலையணையைப் பார்த்துப் பேசினேன். கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் போல. மாடி வீட்டம்மா படியிறங்கி வந்து, திரை இல்லாத ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். வெறும் வாயையே மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. சிறிது நேரத்தில் அவர் புருஷன் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினோடு வந்து, “சும்மாதான் சார், கையை நீட்டுங்க” என்றார். நீட்டினேன். அழுத்தம் சரியாகத்தான் இருந்தது, மனுஷன் ஏமாந்து போனார். அவர் போன பிறகு பழைய பாம்பு ஏணி அட்டையையாவது எடுத்துப் பார்க்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். அட்டை இருந்தது, தாயக்கட்டை இருந்தது, என் சாக்பீஸ் இருந்தது. பட்டன் இல்லை. பையில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அந்த அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அதற்குப் பிறகுதான் அங்கே சாயங்காலம் உங்களோடு ஆடுகிறாள் என்றும், நீங்கள் தினம் தோற்று, டீ ஆறும் வரைக்கும் கால் புராணம் பாடுகிறீர்கள் என்றும் போனில் சொன்னாள். பாடுங்கள், கால் உங்களுடையது.

வகுப்பில் முதல் நாள் நன்றாகவே போயிற்று. எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், ஆள் அத்தனை சின்னது என்பதால் ‘கடுகு’ என்பார்கள். ஆஜர் சொல்வதைத் தவிர அவள் குரலை நான் கேட்டதில்லை. இன்னொரு பையன் இருக்கிறான், பெயரே ‘ரேடியோ’. நிறுத்த பட்டன் இல்லாத ரேடியோ. அன்றைக்கு ரேடியோ ஜெயித்தான், கடுகு தோற்றாள். இரண்டு பேரும் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்கள். மணல் கடிகாரம் நான் செய்தது, இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலை வாயோடு வாய் ஒட்டியது. மணலைக் காய வைக்காமல் போட்டுவிட்டேன் போல, பாதி இறங்கி அடைத்துக்கொண்டது. மணல் இறங்காவிட்டால் ஆட்டம் முடியாது. ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கடுகு முதலில் தரையைப் பார்த்தாள், பிறகு பேச ஆரம்பித்தாள், வீட்டுக்குப் போகிற மணியும் அடித்தது, மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள், நான் பாட்டிலைத் தட்டுகிறேன், குலுக்குகிறேன், அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஒரே ஒரு வரியை மட்டும் உங்களிடம் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். “நான் ஸ்கூல் விட்டுப் போறதுக்குள்ள அம்மா வேலைக்குப் போயிடுறாங்க, நான் ஸ்கூலுக்கு வர்றப்ப அம்மா தூங்கிட்டிருக்காங்க. எனக்குத் தூங்குற அம்மாவைத்தான் தெரியும்” என்றாள். நான் பாட்டிலைத் தட்டுவதை நிறுத்திவிட்டேன். மறுநாள் ரேடியோ என்னிடம் வந்து, “சார், இன்னிக்கும் நானே ஜெயிக்கலாமா? மிச்சத்தைக் கேக்கணும்” என்றான். இவனுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

ஏனென்றால் மற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் தோற்கத்தான் ஆசை வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் படகுகள் ஊற்றை விட்டு நகர மறுத்துவிட்டன. நதி காலியாகக் கிடக்கிறது, மலை உச்சியில் பாட்டில் மூடிகள் முட்டி மோதிக்கொண்டு நிற்கின்றன. நிலநடுக்கம் ஏன் வருகிறது என்றால் பூமிக்குக் குளிர் ஜுரம் என்கிறார்கள். கடல் நீர் ஏன் உப்பாக இருக்கிறது என்றால் மீன்களுக்கு வியர்க்கிறது என்கிறார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா, தோற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பதில் தெரியாதவன் எதையாவது உளறப் போய் அது சரியாக இருந்துவிட்டால் படகு நகர்ந்து தொலையும். நிச்சயமாகத் தப்பாகச் சொல்ல வேண்டும் என்றால் சரியான பதில் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பிள்ளைகள் தோற்பதற்காகப் படித்தார்கள், மச்சான்! சாப்பாட்டு இடைவேளையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து படித்தார்கள். நான் வாத்தியார் வேலைக்கு வந்த நாள் முதலாக அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. எழுத்துப் பரீட்சையில் அத்தனை பேரும் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து நானே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

ஆனால் அந்தப் பேப்பரை நான் திருத்தி முடிப்பதற்குள் மேலிடத்து அதிகாரி பார்வையிட வந்துவிட்டார். தலைமையாசிரியை பெருமையாக என் வகுப்புக்குத்தான் முதலில் அழைத்து வந்தார். அதிகாரி ஒரு அட்டையை எடுத்து, “அருவின்னா என்ன, யாராவது சொல்லுங்க” என்றார். “கீழேருந்து மேல ஏறிப் போற தண்ணி சார்” என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. எரிமலை என்றால்? “அடுப்பை அணைக்க மறந்த மலை சார்.” அதிகாரி திரும்பித் தலைமையாசிரியையைப் பார்த்தார், அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பார்க்க ஆள் இல்லாமல் நான் நதியைப் பார்த்தேன். அதிகாரி காரில் ஏறிப் போன பிறகு தலைமையாசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டு, “தோத்தவனுக்குப் பரிசு கொடுக்கிற ஆட்டத்தை உலகத்துல எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? நாளையிலேருந்து ஜெயிச்சவங்கதான் பேசணும், தோத்தவங்க கேக்கணும். மாத்துங்க” என்றார். மாற்றினேன். படகுகள் குதித்துக்கொண்டு கடலுக்கு ஓடின. ஜெயித்தவர்கள் வந்து தாங்கள் எப்படி ஜெயித்தோம் என்பதைப் பற்றியே பேசினார்கள். கடுகு பழையபடி வாயை மூடிக்கொண்டாள். ரேடியோ பழக்க தோஷத்தில் தினமும் ஜெயித்தான், ஆனால் ஜன்னலோரம் போய், “எனக்குப் பேச ஒண்ணும் இல்ல சார்” என்று சொல்லிவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தான். ரேடியோ வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததும் எனக்குப் பயமே வந்துவிட்டது.

மனசு கேட்காமல், ஒரு நதியைச் சுருட்டி, மணல் பாட்டிலோடு கையில் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனேன். “அம்மா, பழைய விதிப்படி நீங்க என்னோட ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. அப்புறமும் மாத்தணும்னா வாயே திறக்க மாட்டேன்” என்றேன். அவருக்கு அன்றைக்கு என்ன தோன்றிற்றோ, மேஜை மேல் இருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு “சரி, விரிங்க” என்றார். ஆடத் தொடங்கினோம். முதல் கேள்விக்கு அவர் தப்பாகச் சொன்னார். ரசாயனம் படித்தவர், தெரியாது போல என்று விட்டுவிட்டேன். எனக்கு வந்த கேள்விக்கு நானும் தப்பாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்ததும் தப்பு, அதற்கடுத்ததும் தப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த அம்மாளும் தோற்கத்தான் பார்க்கிறார்! இரண்டு பெரிய மனுஷர்கள் ஒரு மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு, நீயா நானா என்று மலை உச்சியை விட்டு இறங்காமல் அடம் பிடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் பூகோள வாத்தியாரிடம் பூகோளத்தில் தோற்க முடியுமா? எனக்குத் தப்பான பதில் ஒவ்வொன்றும் அத்துப்படி. ஆறு கடலோடு கலக்கிற இடத்துக்கு என்ன பெயர் என்று அட்டையைப் படித்தேன். அவர் யோசித்து யோசித்து, “கழிமுகம்” என்றார். “சரிதாம்மா” என்றேன். “ஐயையோ, திட்டுற வார்த்தை மாதிரி இருக்கே, தப்பாத்தான் இருக்கும்னு நினைச்சேன்” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மணி அடித்துவிட்டது. அவர் ஜெயித்தார், நான் தோற்றேன்.

பேச வேண்டியது என் முறை. பிள்ளைகளைப் பற்றி, விதியைப் பற்றி, கடுகைப் பற்றி எல்லாம் பாயிண்ட் பாயிண்டாக வைத்திருந்தேன். வாயைத் திறந்தால், “வீட்டுல சத்தமே இல்லம்மா” என்று வருகிறது. என்னாலேயே நம்ப முடியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை. தினம் காலையில அவ தும்முவாம்மா, வரிசையா தும்முவா, அதுதான் எனக்கு அலாரம், அது இல்லாம ரெண்டு தடவை பள்ளிக்கூடத்துக்கு லேட்டா வந்தேன், நீங்ககூடக் கேட்டீங்க, பஸ் வரலைன்னு சொன்னேன், பஸ் வந்துச்சும்மா. டீ போட்டா கை தன்னால ரெண்டு டம்ளர் எடுக்குது, ரெண்டையும் நானே குடிச்சு நெஞ்சு எரியுது. ரோட்டுல ஏதாவது வேடிக்கையைப் பாத்தா சிரிப்பு வர்றதுக்கு முன்னாடி இதை அவகிட்ட சொல்லணும்னு தோணுது, அப்புறம் சிரிப்பே வர்றதில்ல. போன்ல கேஸை மூடினீங்களான்னு கேக்குறா, மூடினேன்னு சொல்றேன், அதுக்கு மேல ஒரு வார்த்தை வர மாட்டேங்குது. இப்படியே கொட்டித் தீர்த்தேன், மச்சான், ஒரு தலைமையாசிரியைக்கு முன்னால், கையில் பாட்டில் மூடியை வைத்துக்கொண்டு. அந்த அம்மாளின் உதடு பாதியில் ‘எல்லாம்’ என்று ஆரம்பித்தது, விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டது. அன்றைக்குப் பார்த்து மணலும் நன்றாக அடைத்துக்கொண்டது. கடைசியில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவர், “விதி பழையபடியே இருக்கட்டும் சார். அதிகாரிக்கு நான் பரீட்சைப் பேப்பரைக் காட்டிக்கிறேன். நாளைக்கு நதியை எடுத்துட்டு வாங்க, நாளைக்கு நான்தான் தோப்பேன்” என்றார். நான் எழுந்து கதவு வரை போனதும், “உங்க லீவு நிறைய மிச்சம் இருக்குல்ல?” என்றும் கேட்டார். பாடம் பாக்கி இருக்கிறது, பிள்ளைகள் பாக்கி இருக்கிறார்கள், லீவெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆக, பள்ளியில் எல்லாம் சுபம். பிள்ளைகள் மறுபடியும் உற்சாகமாகத் தோற்கிறார்கள். வீட்டிலும் ஒரு குறையும் இல்லை, தலையணை நன்றாக ஆடுகிறது. உங்கள் தங்கையை நீங்கள் அனுப்ப வேண்டும் என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும். கால் நன்றாகத் தேறட்டும், படி ஏறி இறங்கட்டும், ஓடட்டும், அதுவரைக்கும் அவள் அங்கேயே இருக்கட்டும், நான் இங்கே கல்லுக் குண்டாட்டம் திடமாக இருக்கிறேன். திரைச்சீலை விஷயத்தை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். தங்கச்சிக்கு என் அன்பும், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும், உங்கள் வலது காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பும் உரித்தாகுக. நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக ஸ்டூல் பக்கமே போகாமல், நீண்ட நாள் வாழ வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் அன்பு மைத்துனன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது உங்கள் வீட்டிலிருந்து போன். வழக்கம்போல ஸ்பீக்கர், வழக்கம்போல சபை. நீங்களும் இருந்தீர்கள், ஆகவே உங்களுக்குத் தெரியும். கேஸை மூடினீங்களா என்றாள், மூடினேன் என்றேன். பிறகு, “இங்க தினமும் நான்தான் ஜெயிச்சுக்கிட்டே இருக்கேன். ஜெயிச்சு ஜெயிச்சு அலுத்துப்போச்சு” என்றாள். “பாரு திமிரை!” என்று நீங்கள் சிரித்தீர்கள், பேரப்பிள்ளைகள் கை தட்டினார்கள். உங்களுக்குப் புரிந்திருக்காது, மச்சான், குற்றம் சொல்லவில்லை, நீங்கள் ஜெயித்ததே இல்லையே. தினம் டீ போட்டது அவள். தினம் கேட்டது அவள். அங்கே அவளைத் தோற்கவிட ஆள் இல்லை. எனக்கு ‘எனக்கும்தான்’ என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கூடாத வாக்கியமாயிற்றே, பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் தும்மினாள், வரிசையாக. “ஜன்னலுக்கு வேற துணி எடுத்துட்டேன், மாடி வீட்டம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். அவசரம் இல்லை என்று எழுதினேன் அல்லவா, அது பொய். லீவு எதற்கு என்று சொன்னதும் பொய், இப்போதுதான் தலைமையாசிரியைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். அந்த ரேடியோ பயல் மட்டும் ஏன் ஜெயிக்க வேண்டும் என்று நின்றான் என்பது இன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறிற்று. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பாம்பு ஏணி அட்டையைப் பையில் வைத்தாகிவிட்டது, பட்டன் அங்கே இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை, நானே உங்கள் கையில் கொடுப்பேன். நீளமான கடிதம், நீங்கள் நிதானமாகப் படித்து இந்த வரிக்கு வந்து சேரும்போது நாங்கள் இரண்டு பேரும் உங்கள் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்போம். தயவு செய்து எட்டிப் பார்க்காதீங்க, பேரனையும் அனுப்பாதீங்க. மூணு விழுந்தா நாலுன்னு சொல்லி, எங்கெங்கே ஏணி இருக்கோ அங்கெல்லாம் ஏறி, கள்ள ஆட்டம் ஆடியாவது நாளைக்கு நான் ஜெயிக்கப் போறேன் மச்சான். அவ பேசட்டும். டீ நான்தான் போடணும், சர்க்கரை டப்பா எந்த அலமாரியில இருக்குன்னு மட்டும் தங்கச்சிகிட்ட கேட்டு வையுங்க.